கல்லுச்சாமிகளின் பெயர்கள்

தேவனூர் நாடு,
கொல்லிமலை,
ஆடி 3.

அன்பு மகள் கலைமணிக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் தம்பி பிரேமும் உடம்புக்கு ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம், மாடு இரண்டும் நன்றாக இருக்கின்றன, நீயும் ஓசூரில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு சுகமாக இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். உடம்பைப் பற்றி இவ்வளவு போதும். மனசைப் பற்றித்தான் இந்தத் தாள் முழுக்க எழுதப் போகிறேன், அதனால் கம்பெனி ஷிப்ட் முடிந்து ஹாஸ்டலுக்கு வந்து, கை கால் கழுவிவிட்டு, ஒரு ஓரமாக உட்கார்ந்து படி. பாதியில் அழுதுவிட்டு மூடி வைக்காதே. போனில் பேசலாம் என்றால் நம் கொல்லையில் டவர் ஒரு கோடு வந்தால் மறு கோடு வருவதில்லை, வந்தாலும் நீ 'வேண்டாங்கப்பா, உடுங்க' என்று சொல்லி வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி நடுவில் துண்டிக்க முடியாது. பத்தாவதில் கணக்கில் கோட்டை விட்டவன் என்றாலும் தமிழில் எண்பத்தொன்று வாங்கினவன் நான், அதற்கு இன்றைக்குத்தான் ஒரு வேலை வந்திருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னது இன்னும் என் காதிலேயே நிற்கிறது. புனேயில் எம்.ஏ. தொல்லியல் படிக்க இடம் கிடைத்து, இந்த ஜூலை முப்பதாம் தேதிக்குள் வந்து சேரச் சொல்லி அவர்களும் எழுதிவிட்ட பிறகு, 'நான் போகலீங்கப்பா, கம்பெனியிலயே இருந்துக்கறேன், உங்க பூசை உங்ககிட்டயே இருக்கட்டும்' என்றாய். யார் உன்னிடம் கேட்டது? ஊர்க்கூட்டத்தில் நடந்ததை உன் காதுக்குக் கொண்டுவராமல் நான் பொத்தி வைத்திருந்தேன், பிரேம் பயல் ஒரு வரி விடாமல் உனக்கு ஒப்பித்துவிட்டான். நீ உடனே தியாகி ஆகிவிட்டாய். அப்பனைக் காப்பாற்ற மகள் படிப்பை விட்டாள் என்றால் ஊர் அதைப் பாசம் என்று சொல்லும், என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை கண்ணு, எனக்கு அவமானமாக இருந்தது. இரண்டு வருஷம் ஷிப்ட் வேலை பார்த்துக்கொண்டே ராத்திரி விழித்து நுழைவுத் தேர்வுக்குப் படித்தவள் நீ. அதை ஒரே போனில் தூக்கிப் போடுவதற்கு நான் ஒரு காரணமா? நான் என்ன கைக்குழந்தையா, நீ என்னை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு நிற்பதற்கு?

உனக்குத் தெரிந்த கதையைத்தான் மறுபடியும் சொல்லப் போகிறேன். கோபத்தில் எழுதும்போது முதலிலிருந்து சொன்னால்தான் எனக்குக் கை ஓடுகிறது, பொறுத்துக்கொள். நம் ஊர்க் கோயிலில் சிலை கிடையாது, கோபுரம் கிடையாது. ஒரு குட்டைச்சுவர், அதற்குள் ஒரு பக்கம் கோடாலி வாய் போலத் தேய்ந்து, மறுபக்கம் மொண்ணையாக, தொட்டால் வழுக்கும் கற்கள், அவ்வளவுதான் நம் கல்லுச்சாமி. உழும்போது ஏர்முனையில் அப்படி ஒரு கல் தட்டுப்பட்டால் அன்றைக்கு ஏரை அந்தச் சாலிலேயே நிறுத்திவிட்டு, கல்லைத் துண்டில் ஏந்திக் கொண்டுவந்து சுவருக்குள் சேர்த்துவிட வேண்டும். தை நோம்பித் திருநாளில் பூசாரி ஒவ்வொரு கல்லாக எடுத்துக் கழுவி அதன் பேரை உரக்கச் சொல்லுவான். பேர் என்றால் முருகன், மாரி என்று இல்லை. 'சாமைமேட்டுல, சாமை வெதப்புல, ஒரு சாண் ஆழத்துல, பாப்பாயி புருசன் ஏருக்கு வந்த சாமி' என்று, எந்தக் காடு, எந்த விதைப்பு, எத்தனை ஆழம், யார் ஏர், இதுதான் பேர். சுவருக்கு வெளியே நிற்கிற சனம் தங்கள் காட்டின் பேர் வரும்போது கும்பிடும். கோயில் மணியைக் கைக்கு வாங்குகிற அன்று பூசாரி சத்தியம் செய்கிறான், இந்த மணி என் கையில் இருக்கும் வரைக்கும் பேரை எழுத்தில் வைக்க மாட்டேன், வெளியாளிடம் சொல்ல மாட்டேன், வாயிலிருந்து வாய்க்குத்தான் கொடுப்பேன் என்று. நானும் பத்தொன்பது வருஷத்துக்கு முன் அப்படிச் சொல்லித்தான் வாங்கினேன், ஒரு நாளும் மீறவில்லை.

ஐப்பசியில் வெள்ளைக் காரில் ஒருவர் வந்ததையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாம் அங்கேதான் ஆரம்பம். கழுத்தில் அடையாள அட்டை, கையில் பெரிய கேமரா, ஆராய்ச்சி என்றார். பத்து நாளில் திருப்பிக் கொண்டுவந்து தருகிறேன் என்று இரண்டு கற்களைப் பஞ்சில் சுற்றி எடுத்துப் போனார். ஊர்க்கவுண்டர் தலையாட்டினார், நானும்தான் தலையாட்டினேன், அதை மறைக்க மாட்டேன். ஒன்பது மாதம் ஆகிறது. அவர் கொடுத்த நம்பரில் ஒரு பெண் குரல் இப்படி ஒரு எண்ணே இல்லை என்கிறது. நானும் உன் சித்தப்பன் மாதேஸ்வரனும் மலை இறங்கிப் போய் ஒரு ஆபீசில் புகார் சொன்னோம். அங்கே இருந்தவர் நல்ல மனுசன்தான், உட்காரவைத்துப் பொறுமையாகக் கேட்டார். எந்தக் கல், என்ன அடையாளம், எங்கே கிடைத்தது, எதிலாவது எழுதி வைத்திருக்கிறீர்களா, போட்டோ இருக்கிறதா. எனக்கு அத்தனையும் நுனி நாக்கில் இருந்தது, ஆனால் மணி என் கையில் இருக்கிறதே, வாயை மூடிக்கொண்டு அவருடைய மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பேனாவை மூடிவிட்டார். திரும்பி வரும்போது பஸ்ஸில் எழுபது வளைவுக்கும் மாதேஸ்வரன் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டே வந்தான். அதைவிடக் கொடுமை இந்தத் தையில் நடந்தது. அவர் கொண்டுபோன இரண்டில் ஒன்று சாமைமேட்டுக் கல். கல் இல்லாமல் பேர் சொல்லக் கூடாது. பாப்பாயி புருசன் செத்து ஆறு வருஷம் ஆகிறது, அவன் ஏரின் பேர் ஊர் கேட்கச் சத்தமாக வருவது வருஷத்தில் அந்த ஒரு தடவைதான். பாப்பாயி சுவருக்கு வெளியே கை கூப்பி நின்றாள், பேர் வரவில்லை, கூப்பிய கையோடே வீட்டுக்குப் போனாள். நீ அன்றைக்கு லீவு கிடைக்காமல் ஓசூரில் இருந்தாய். நான் அதைப் பார்த்தேன்.

அந்த ஆத்திரத்தில்தான் சித்திரையில் நம் ஓடையோரக் காட்டில் கல் தட்டுப்பட்டதும் நீ சொல்லிக் கொடுத்தபடியே செய்ய வேண்டும் என்று நின்றேன். கல்லை அசைக்காதீர்கள், கிடந்தது கிடந்தபடி இருக்கட்டும், அளவு தெரிய ஏதாவது பக்கத்தில் வைத்துப் போட்டோ எடுங்கள் என்று நீ சொன்னது எனக்கு மனப்பாடம். அரிவாளைப் பக்கத்தில் வைத்தேன், போனைத் துண்டில் துடைத்தேன், எல்லாம் முறையாகத்தான் செய்தேன். ஆனால் கல்லின் முகம் தெரிந்ததும் கை தன் பாட்டுக்கு அதை எடுத்து ஓடைத் தண்ணீரில் கழுவி, மடியில் இருந்த மஞ்சளைப் பூசி, குங்குமம் வைத்து, பழையபடி குழியில் படுக்கவைத்துவிட்டது. அதற்குப் பிறகுதான் போட்டோ எடுத்தேன். நீ அதை உன் காலேஜ் வாத்தியாரம்மாவுக்கு அனுப்ப, அவர் விழுந்து விழுந்து சிரித்தாராமே, தோண்டும்போதே பொட்டோடு வந்த கல்லை உலகத்தில் யாரும் பார்த்ததில்லை என்று. சிரிக்கட்டும். ஆனால் அதற்குப் பிறகு அவர் சொன்னதாக நீ சொன்னாயே, கல்லைவிட அது கிடந்த இடம்தான் பெரிது, இடம் தெரியாத கல் எதையும் சொல்லாது என்று, அதைக் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அடி பெண்ணே, அதைத்தானே நாங்கள் தை தவறாமல் தொண்டை வற்றக் கத்திக்கொண்டிருக்கிறோம். நீ ஏழு வயதில் உன் அம்மா பக்கத்தில் சுவருக்கு வெளியே நின்று அத்தனை பேரையும் எனக்கு முன்னால் முணுமுணுத்தவள். உனக்கு இந்தப் படிப்பு புதுசில்லை, நீ பாதி படித்துவிட்டுத்தான் அங்கே போகிறாய்.

வைகாசியில் உனக்கு இடம் கிடைத்த செய்தியைக் கெடுத்தது நான்தான். அன்று சாயங்காலப் பூசையில் பத்துப் பேர் நிற்கும்போது, மணியை ஆட்டி நிறுத்திவிட்டு, 'எம்புள்ள கலைமணி கல்லுச்சாமியப் பத்திப் படிக்க புனேக்குப் போவுது' என்று கத்தினேன். சந்தோசம் தாங்காமல் கத்தினேன். அது இரண்டு நாளில் பக்கத்துப் பைல் நாடு வரைக்கும் போய்ச் சுற்றிக்கொண்டு வந்து ஆனியில் ஊர்க்கூட்டமாக நின்றது. ஊர்க்கவுண்டர் சுற்றி வளைக்கவில்லை, என் பேரைச் சொல்லியே ஆரம்பித்தார். 'சென்றாயா, படிச்சவன்தான வந்து தூக்கீட்டுப் போனான். உம்புள்ளயும் அதையேதான படிக்கப் போவுது. நாளைக்கு நாலு பேரக் கூட்டியாந்து, இது சாமியில்ல கோடாலின்னு சொல்லி மொத்தத்தையும் லாரில ஏத்துனா யாரு தடுக்கறது?' என்றார். அவரைக் கெட்டவர் என்று நினைக்காதே, அவர் பயந்தவர், அந்தப் பயம் எனக்கும் இருக்கிறது. ஆனால் பயந்தவன் செய்கிற காரியம் எல்லாம் சரியாகிவிடாது. நான் எழுந்து, 'ஏனுங்க, கோடாலின்னா என்னங்க தப்பு? நம்ம மூத்தவங்க கையில புடிச்சுக் காடு திருத்துன கல்லு அது. அது சாமியில்லீன்னா வேற எதுங்க சாமி?' என்றேன். அதோடு விட்டிருக்கலாம், விடவில்லை. 'அந்தாளு வந்தன்னைக்கு, அவங்கிட்ட என்ன காயிதம் கேக்கோணும்னு தெரிஞ்ச ஒரே ஒரு ஆளு நம்மூர்ல இருந்திருந்தா கல்லு மலையெறங்கியிருக்குமாங்க? அந்த ஆளாத்தானுங்க எம்புள்ள போவுது' என்றேன். அவர்கள் தங்களுக்குள் கூடிப் பேசினார்கள். பிறகு முடிவு சொன்னார்கள். ஒன்று மகள் போகாமல் நிற்க வேண்டும், இல்லையென்றால் மணி கைமாற வேண்டும், ஆடி முதல் நாள் பதில் வர வேண்டும். இதைத்தான் பிரேம் உனக்குச் சொன்னது.

ஊர்ச் செய்தி இரண்டு சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் உன் அம்மா கோபித்துக்கொள்வாள். மிளகுக் கொடி இந்த வருஷம் சில்வர் ஓக் உச்சி வரைக்கும் ஏறியிருக்கிறது, குச்சிக்கிழங்கு பரவாயில்லை, பன்றிதான் வேலியைப் பிய்த்துக்கொண்டு வருகிறது. பிரேம் ஐ.டி.ஐ.க்கு ஒழுங்காகப் போகிறான், மீசை வைத்துக்கொண்டு திரிகிறான், உனக்குப் பிடிக்காது. உன் அத்தை வந்திருந்தாள். மண்ணைத் தோண்டுகிற படிப்புப் படித்தவளை எவன் கட்டுவான் என்று கேட்டாள். நாங்களெல்லாம் இங்கே என்ன ஆகாயத்தையா உழுதுகொண்டிருக்கிறோம் என்று கேட்டேன், காப்பியைக் குடிக்காமல் போய்விட்டாள். பாவம், அவள் கொண்டுவந்த பலாப்பழம் நல்ல இனிப்பு.

இனி முந்தாநாள் நடந்ததைச் சொல்கிறேன், இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஆடி முதல் நாள் காலையில் கோயில் முன்னால் எல்லாரும் கூடினார்கள். நீ போகவில்லை என்று சொன்னது எனக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. ஊர்க்கவுண்டர் சிரித்த முகமாக, 'புள்ளையே புத்தி தெளிஞ்சு நின்னுக்கிச்சாமே சென்றாயா, உம்பாடு லேசாப் போச்சு' என்றார். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் எனக்கு நல்லது நடந்துவிட்டது போலத் தலையாட்டினார்கள், ஒருவர் முதுகில் தட்டிக்கூடக் கொடுத்தார். கலைமணி, அந்த நிமிஷம் வரைக்கும் நான் என்ன சொல்லப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. இன்னும் ஒரு மாதம் தவணை கேட்கலாம், காலில் விழலாம் என்றுகூட யோசித்துக்கொண்டுதான் போனேன். ஆனால் புத்தி தெளிந்தது என்றாரே, அதைத்தான் தாங்க முடியவில்லை. நீ என்ன தப்பு செய்தாய் தெளிவதற்கு? சுவருக்குள் போனேன், விளக்கை ஏற்றினேன், கடைசியாக ஒரு பூசை முறையாகச் செய்தேன், மணியையும் தட்டையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்து மாதேஸ்வரன் கையில் வைத்தேன். 'எம்புள்ள நிக்கலீங்க. அது போவுது. நானுதான் நின்னுக்கறேன்' என்றேன். மாதேஸ்வரன் வாங்கமாட்டேன் அண்ணா என்றான், வாங்குடா என்று அதட்டினேன். ஊர்க்கவுண்டர் எழுந்துவிட்டார், 'அவசரப்படாத, அவசரப்படாத' என்று இரண்டு தடவை சொன்னார். நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வீரமாக எழுதுகிறேனே என்று பார்க்காதே. நேற்றுச் சாயங்காலம் மாட்டுக்குத் தழை ஒடித்துக்கொண்டிருந்தபோது மணிச் சத்தம் கேட்டது. மாதேஸ்வரன் மணியை வேகமாக ஆட்டுகிறான், எனக்கு அது ஒரு மாதிரியாக இருந்தது, கை அந்தரத்தில் நின்றுவிட்டது. உட்கார்ந்து அழுதேன். உன் அப்பா அழுதான் என்று உனக்குத் தெரிய வேண்டும், ஏனென்றால் நான் கொடுத்தது சும்மா கிடந்த பொருள் இல்லை. பத்தொன்பது வருஷம் அந்தச் சத்தம் என் கையிலிருந்து வந்தது. ஆனால் அழுது முடித்துவிட்டு மறுபடியும் யோசித்துப் பார்த்தேன், மறுபடியும் அதையேதான் செய்வேன் என்று தோன்றியது. இனி எனக்காக நீ காப்பாற்ற இங்கே எதுவும் மிச்சம் இல்லை. காரணம் சொல்லத் தேடினாலும் கிடைக்காது.

ஊர் ஒரு தப்புக் கணக்குப் போட்டுவிட்டது, அதைக் கண்டுபிடித்தது நானில்லை, உன் அம்மா. முந்தாநாள் மத்தியானம் நான் சோற்றைப் பிசைந்துகொண்டு உம்மென்று உட்கார்ந்திருந்தேன். உன் அம்மா ரசத்தை ஊற்றிவிட்டு, 'ஏனுங்க, மணி கையில இருக்கற வரைக்குந்தான எழுதக்கூடாது? அதான் குடுத்துட்டு வந்துட்டீங்கள்ல? அப்பறம் எதுக்கு வாயக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கறீங்க?' என்று கேட்டாள். எனக்கு ரசம் புரையேறிவிட்டது. சத்தியத்தின் வார்த்தை அதுதான், மணி கையில் இருக்கும் வரைக்கும். எத்தனை தலைமுறையாகவோ எங்களில் எவனும் உயிரோடு இருக்கும்போது மணியைக் கொடுத்ததில்லை, அதனால் அதற்குப் பிறகு என்ன என்று யாரும் யோசிக்கவே இல்லை. பிரேமின் பழைய நோட்டில் முன்பக்கம் கிழித்துவிட்டு அம்மா கொண்டுவந்து வைத்தாள். முதல் பேரை எழுதக் கை வரவில்லை. விளக்கேற்றிக் கும்பிட்டு, கோபம் வந்தால் என்மேல் வரட்டும், பிள்ளைமேல் வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுதினேன். சாயங்காலத்துக்குள் நாற்பத்திமூன்று கல்லின் பேரும் எழுதி முடிந்தது. நடுவில் இரண்டு இடத்தில் நான் விதைப்பை மாற்றிச் சொல்ல, வாழ்நாளில் சுவருக்குள் கால் வைக்காத உன் அம்மா திருத்தினாள். காணாமல் போன இரண்டு கல்லுக்கும் பேரோடு நிறம், நீளம், எந்தப் பக்கம் உடைந்திருக்கும் என்பது வரைக்கும் எழுதியிருக்கிறேன்.

திருட்டுத்தனமாக எழுதவில்லை. நேற்றுக் காலையில் மாதேஸ்வரனிடம் போய்ச் சொன்னேன். அவன் முதலில் திகைத்தான், பிறகு தலையைச் சொறிந்துகொண்டு, 'அப்பிடீன்னா எனக்கும் ஒரு காப்பி குடுங்கண்ணா, மனப்பாடம் பண்ண லேசா இருக்கும்' என்றான். மணியைக் கையில் வைத்துக்கொண்டு காப்பி கேட்கிறான் பார். உனக்கு வாய்தான் என்று சொல்லிவிட்டேன், வாராவாரம் வந்து உட்கார், நான் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல், தைக்குள் உனக்கு வந்துவிடும் என்றேன். அவனுக்குக் கற்றுக்கொடுக்காமல் விட்டால் அது ஊருக்குச் செய்கிற துரோகம், அதை நான் செய்ய மாட்டேன். ஊர்க்கவுண்டருக்கும் இந்நேரம் சேதி போயிருக்கும். வந்து கேட்கட்டும், பதில் வைத்திருக்கிறேன்.

இப்போது உனக்கும் கொஞ்சம் கண்டிப்பு. அந்த நோட்டை நான் உன் கையில்தான் கொடுப்பேன், தபாலில் அனுப்ப மாட்டேன். வாங்கிக்கொண்டதும் அப்படியே ஒரு புத்தகத்தில் அச்சடித்துவிடாதே. ஒவ்வொரு பேருக்குள்ளும் ஒரு குடும்பம் இருக்கிறது, அவர்களைக் கேட்டுவிட்டுத்தான் வெளியே சொல்ல வேண்டும், முதலில் பாப்பாயியைக் கேள். படித்துப் பெரிய ஆள் ஆகி, கல்லையெல்லாம் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப் போகிறேன் என்று நீ வந்து நின்றால் ஊர்க்கவுண்டருக்கும் முந்தி நான் வழியை மறிப்பேன், மகள் என்று பார்க்க மாட்டேன். ஆனால் எடுத்துப் போகிறவனிடம் என்ன காகிதம் கேட்பது, எங்கே எழுதிப் போடுவது, போனதை எப்படித் திருப்பிக் கொண்டுவருவது, அதையெல்லாம் கரைத்துக் குடித்துவிட்டு வா. அங்கே இங்கிலீஷிலும் இந்தியிலும் பேசுவார்கள், உனக்கு வாய் வராத நாள் ஒன்றிரண்டு இருக்கும், அதற்காக மூலையில் உட்காராதே. மலையிலிருந்து வந்தவள் என்று எவனாவது ஒரு மாதிரிப் பார்த்தால் நீயும் அவனைத் திருப்பி ஒரு மாதிரிப் பார். குழிக்குள் இறங்குவதற்கு முன் குச்சியால் தட்டிவிட்டு இறங்கு, பாம்புக்குத் தொல்லியல் தெரியாது. சப்பாத்தி ஒத்துக்கொள்ளாவிட்டால் மிளகு ரசம் வைத்துக் குடி, அம்மா மிளகு இடித்து வைத்திருக்கிறாள்.

செம்மேட்டுச் சந்தைக்கு மிளகு வாங்க வருகிற ஜாபர் உசேன் பாயைத் தெரியுமல்லவா, அவர் மகன் அர்ஷத் போனிலேயே ரயில் டிக்கெட் எடுத்துக் கொடுக்கிறான். நேற்று மத்தியானம் போய் எடுத்துவிட்டேன். இருபத்தேழாம் தேதி பெங்களூரிலிருந்து புனேக்கு. கம்பெனியில் இப்போதே எழுதிக் கொடுத்துவிடு. பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி, சாதிச் சான்றிதழ் எல்லாம் அசலாக எடுத்துவை, ஒவ்வொன்றிலும் நான்கு நகல் எடு, மறக்காதே. டிக்கெட் ஒன்றில்லை, இரண்டு. சாயங்காலம் மணி அடிக்க வேண்டும் என்பதற்காகப் பத்தொன்பது வருஷமாக நான் ஒரு ராத்திரிகூட மலைக்குக் கீழே தங்கியதில்லை. நீ கறுப்பு அங்கி போட்டுப் பட்டம் வாங்கிய அன்றுகூட அம்மாவைத்தான் அனுப்பினேன், அவள் போனில் எடுத்துக்கொண்டு வந்த போட்டோவில் உன் தலை பாதிதான் இருந்தது. இப்போது என்னை யாரும் கட்டி வைக்கவில்லை. இருபத்தாறாம் தேதி சாயங்காலம் ஓசூர் பஸ் ஸ்டாண்டில் நோட்டோடு நிற்பேன்.

அம்மா உனக்கு ஆசீர்வாதம் சொல்லச் சொன்னாள், தலைக்கு எண்ணெய் வைக்கச் சொன்னாள். நாற்பத்திமூன்று சாமியும், காணாமல் போன இரண்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், உனக்கு முன்னும் பின்னும் துணையாக நடக்கட்டும். வருகிறேன் என்று சொல்வதற்கு மட்டும் போன் செய், வேறெதற்கும் செய்யாதே. அதற்குப் பிறகும் நீ பிடிவாதமாக வரவில்லை என்றால் நான் திரும்பிப் போக மாட்டேன், தனியாகவே அந்த ரயிலில் ஏறிப் புனேயில் இறங்கி, என் மகளுக்குக் கொடுத்த இடத்தில் நான் உட்காருகிறேன் என்று சொல்லுவேன். நாற்பத்திமூன்று கல்லுக்கு இடம் சொல்லத் தெரிந்தவனை வேண்டாம் என்று சொல்கிறார்களா, பார்த்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
உன்னோடு புனேக்கு வரும் அப்பா,
சென்றாயன்.